கிரகாம் கிரீன் மதம் மாறினது 1926ல, நாவல்ல மதம் வர்றது 1938ல. நடுவுல 12 வருஷம் என்ன ஆச்சு?

பாதிபடிச்சவன்:

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு சத்தமில்லாம போயிட்டு இருந்தவன், முதல் தடவையா கேக்குறேன். சின்னப்பிள்ளத்தனமா இருந்தா திட்டாம சொல்லுங்க.

காலேஜ் சீனியர் ஒருத்தர் "கத்தோலிக்க நாவலாசிரியர்டா, படிச்சுப் பாரு"ன்னு சொல்லி இங்கிலீஷ் எழுத்தாளர் கிரீனோட பிரைட்டன் ராக் (1938) குடுத்தார். படிச்சு முடிச்சு ரெண்டு நாள் சரியா தூங்கல. பிங்கின்னு பதினேழு வயசுப் பையன் கொலை பண்றான், நரகம் இருக்கா சொர்க்கம் இருக்கான்னு பேச்சு வந்தா நரகம் கண்டிப்பா இருக்குங்குறான், சொர்க்கம்னா "இருக்கலாம்"னு இழுக்குறான். இப்படி ஒரு ஆளை நான் படிச்சதே இல்ல. சரி, இவரை ஆரம்பத்துலேர்ந்து படிப்போம்னு முதல் நாவல் தி மேன் விதின் (1929) எடுத்தேன். எடுத்தா கடத்தல்காரங்க, சசெக்ஸ் கடற்கரை, கூட்டாளிங்களையே காட்டிக்குடுத்துட்டு ஓடி ஒளியற ஒரு கோழை. பூசை இல்ல, சாமியார் இல்ல. ஆனா அவர் 1926லயே கத்தோலிக்கரா மாறிட்டார்னு போட்டிருக்கு. புதுசா மதம் மாறினவங்க பொதுவா அதைப் பத்தியேதான பேசுவாங்க, இவர் ஏன் 12 வருஷம் வாயைத் திறக்கல? பயமா, இல்ல நம்பிக்கையே அப்பதான் வந்துச்சா?

எட்டாம் நம்பர் பஸ்:

நல்ல கேள்விங்க, சின்னப்பிள்ளத்தனம்லாம் இல்ல. இதுக்கு அவரே ரெண்டு மூணு இடத்துல பதில் சொல்லியிருக்கார், ஆனா ஒரே இடத்துல சொல்லல, அதான் சிக்கல்.

முதல்ல அவர் மதம் மாறின கதை. உள்ளம் உருகி, கண்ணீர் வந்து, அப்படியெல்லாம் இல்ல. ஆக்ஸ்ஃபோர்டுல படிக்கிறப்ப ஒரு கட்டுரையில கத்தோலிக்கர்கள் மாதாவை ஆராதிக்கிறாங்கன்னு போகிறபோக்குல எழுதிட்டார், விவியன்னு ஒரு பொண்ணு அது தப்புன்னு திருத்தி லெட்டர் போட்டா, இவர் அவமேல காதல்ல விழுந்துட்டார். அப்புறம் நாட்டிங்ஹாம்ல ஒரு பத்திரிகையில சம்பளமில்லாத பயிற்சி வேலை. கட்டிக்கப்போற பொண்ணு என்னத்த நம்புறான்னாவது தெரிஞ்சுக்கணும்லன்னு அங்கிருந்த டிரோலப்ங்கற சாமியார்கிட்ட பாடம் கேக்கப் போறார். சாமியாரே ஒரு காலத்துல லண்டன் நாடக நடிகர், அவரும் மதம் மாறி வந்தவர். வாரக்கணக்கா வாதம் பண்ணி, பண்ணி, கடைசில "கடவுள்னு ஒண்ணு இருக்க வாய்ப்பு இருக்கு"ங்கற அளவுக்கு மூளை ஒத்துக்கிட்டு 1926 பிப்ரவரியில ஞானஸ்நானம் வாங்கினார். சாட்சிக்குன்னு ஆள் கூட்டிட்டு வரல, கோயில்ல நாற்காலி தூசி தட்டிட்டிருந்த ஒரு அம்மாதான் சாட்சி. எடுத்துக்கிட்ட பேர் தாமஸ், அதுவும் பெரிய இறையியல் அறிஞர் தாமஸ் அக்குவினாஸ் இல்ல, சந்தேகப்பட்ட தோமையார்னு அவரே குறிப்பா சொல்றார். அப்ப வயசு 21.

ஆக உள்ள வந்தது மூளை வழியாத்தான், மனசு பின்னாடிதான் வந்துச்சு. எப்பன்னா 1937, 38 வாக்குல. ஸ்பெயின்ல உள்நாட்டுப் போர், மெக்சிகோல மதத்து மேல அடக்குமுறை, டபாஸ்கோங்கற மெக்சிகோ மாகாணத்துல சர்ச்சுகளையெல்லாம் மூடி, இடிச்சு, சாமியார்களை விரட்டி விட்டிருந்தாங்க. ஒரு நாட்டைப் பழகுறதை விட மனசோட ஒரு பிரதேசத்தைப் பழக ரொம்ப நாள் ஆகும்ங்கற மாதிரி ஒரு இடத்துல எழுதியிருக்கார், உங்க 12 வருஷத்துக்கு நேரடி பதில் அதான்னு நினைக்கிறேன்.

அதுக்காக முதல் நாவல்ல மதமே இல்லன்னும் சொல்லிட முடியாது. புத்தகத்தோட முகப்புல சர் தாமஸ் பிரௌன் வரி ஒண்ணு இருக்குமே பாத்தீங்களா, எனக்குள்ள இன்னொருத்தன் இருக்கான், அவன் என்மேல கோவமா இருக்கான்னு. தலைப்பே அதுலேர்ந்துதான். நீங்க சொன்ன அந்தக் கோழை ஆண்ட்ரூஸ் பண்றது பூரா என்ன? காட்டிக்குடுக்குறான், குறுகுறுங்குது, தைரியம் வருது, சாட்சி சொல்றான், திரும்ப பயந்து நழுவுறான், திரும்ப குறுகுறுங்குது. சாமியார் இல்லையே தவிர பாவசங்கீர்த்தனம் (பாவத்தை ஒத்துக்கிட்டு மன்னிப்பு கேக்குறது) நாவல் பூரா நடந்துட்டுத்தான் இருக்கு.

இன்னொண்ணு. முதல் நாவல் நல்லா போனதால பதிப்பாளருங்க மூணு வருஷத்துக்கு, ஒவ்வொரு வருஷமும் 600 பவுண்ட் தர்றோம்னாங்க, டைம்ஸ் பத்திரிகை வேலையை விட்டுட்டார். அடுத்து வந்த ரெண்டு நாவலும் படுத்துருச்சு. அதுல ரெண்டாவது, ரூமர் அட் நைட்ஃபால் (1931), 19ம் நூற்றாண்டு ஸ்பெயின்ல நடக்குது, கத்தோலிக்கச் சூழல் நிறையவே உண்டு. ஆக அவர் வாயைத் திறக்காம இல்ல, திறந்தார், நல்லா வரல. அந்த ரெண்டையும் கடைசி வரைக்கும் மறுபதிப்பு பண்ண விடல.

முந்திரிக்கொட்டை:

மேல சொன்னவர் மேல மரியாதை உண்டு ஆனா எனக்கு இது ஒத்து வரல. எல்லாத்தையும் மதத்துல கொண்டு போய் முடிச்சுப் போடறது நம்ம விமர்சகர்களுக்கு ஒரு வியாதி. கிரீனுக்கு உள்ள இருந்தது மதம் இல்லீங்க, ஸ்கூல்ல வாங்கின அடி. பெர்க்கம்ஸ்டட்ல அவர் அப்பாதான் ஹெட்மாஸ்டர், வீடும் ஸ்கூலும் ஒரே கட்டடம், நடுவுல பச்சைத் துணி போட்ட ஒரு கதவு. கதவுக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் போனா ஹெட்மாஸ்டர் பையன்னு பசங்க சேர்ந்து வறுத்து எடுக்குறாங்க. பசங்க பக்கம் நின்னா அப்பாவுக்குத் துரோகம், அப்பா பக்கம் நின்னா பசங்களுக்குத் துரோகம். தாங்காம ஓடிப்போயி, அப்புறம் 1921ல வீட்லயே அவரை லண்டனுக்கு மனோதத்துவ சிகிச்சைக்கு அனுப்புறாங்க. அந்தக் காலத்துல, பதினாறு வயசுப் பையனுக்கு!

காட்டிக்குடுக்குறவன், ஓடறவன், துரத்துறவன் எல்லாம் அங்கேர்ந்து வந்தவங்க. அவரே ஒரு கட்டுரையில ஒத்துக்கிட்டார், 14 வயசுல படிச்ச ஒரு சாகச நாவல்லதான் தீமைன்னா என்னன்னு அவருக்குப் பிடிபட்டுச்சாம், மதம் பின்னாடி அதையே வேற வார்த்தையில விளக்கியிருக்கலாம் ஆனா அச்சு முன்னாடியே விழுந்தாச்சுன்னு. அவ்ளோதான், கேஸ் முடிஞ்சுது. கல்யாணத்துக்காக மதம் மாறினவரை வச்சு இவ்ளோ பில்டப் எதுக்கு.

எட்டாம் நம்பர் பஸ்:

@முந்திரிக்கொட்டை நீங்க சொன்ன கட்டுரை எனக்கும் பிடிச்சதுதான், அச்சு முன்னாடி விழுந்ததுல எனக்கு சண்டையே இல்ல. ஆனா அதே அச்சுல மதம் ஊத்தாம ஒண்ணு, ஊத்தி ஒண்ணுன்னு ரெண்டு செஞ்சு வச்சிருக்காரே, அதைப் பாருங்க.

எ கன் ஃபார் சேல், 1936. ரேவன்னு ஒரு கூலிக் கொலைகாரன், பிளந்த உதடு, யார் மேலயும் நம்பிக்கை இல்ல, எல்லாரும் காட்டிக்குடுக்குறாங்க. கதை நடக்குற நாட்விச்ங்கற ஊர் நாட்டிங்ஹாம்தான், அதாவது இவர் ஞானஸ்நானம் வாங்கின ஊர். கிறிஸ்துமஸ் சமயம், கடை ஜன்னல்ல பாலன் பிறப்புக் குடில் வச்சிருக்காங்க, ரேவன் நின்னு அதைப் பாத்து வயிறெரியறான். அந்தப் பிள்ளையையும் கடைசில காட்டிக்குடுக்கத்தானே போறீங்கன்னு அவனுக்கு ஆத்திரம். ஆனா அவன் அதுக்கு வெளியில நிக்கிறவன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கு சாமி.

ரெண்டே வருஷம் கழிச்சு பிரைட்டன் ராக். பாதிபடிச்சவன் கவனிச்சாரான்னு தெரியல, ரெண்டு கதைக்கும் ஒரு முடிச்சு இருக்கு: ரேவன் கொன்ன கைட்ங்கற ரவுடியோட கும்பலைத்தான் பிங்கி எடுத்து நடத்துறான். ரேவன்தான் பிங்கிக்கு முதல் வரைவுன்னு கிரீனே பின்னாடி எழுதியிருக்கார். அதே வறுமை, அதே வெறுப்பு, ஆனா பிங்கி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வளர்ந்தவன், கோயில் பாடகர் குழுவுல பாடின பையன், லத்தீன் தெரியும், நரகம் எங்க இருக்குன்னு தெரியும். ரேவனைப் பாத்தா பரிதாபம் வருது, பிங்கியைப் பாத்தா பயம் வருது. அந்த வித்தியாசத்தை ஸ்கூல் அடி மட்டும் வச்சு விளக்குங்க பாப்போம்.

இன்னொரு வேடிக்கை, பிரைட்டன் ராக் ஆரம்பிச்சப்ப அது சாதாரண துப்பறியும் கதைதானாம். முதல் அம்பது பக்கம் அதோட மிச்சம், அதைத் தூக்கியிருக்கணும்னு பின்னாடி வருத்தப்பட்டார். ஐடாதான் துப்பறிய வந்தவ. எது சரி எது தப்புன்னு அவளுக்கு நல்லாத் தெரியும், அது மட்டும்தான் தெரியும். பிங்கி கட்டிக்கிற பொண்ணு ரோஸும் பிங்கியும் புழங்குற கணக்கு நன்மை தீமைங்கற வேற கணக்கு, அந்த வீட்டுக்குள்ள அவளால நுழையவே முடியாது. எழுத எழுத மதம் உள்ள வந்து, துப்பறிய வந்தவளையே ஓரமா உக்கார வச்சிருச்சு.

உப்புக்காத்து:

நான் இலக்கியம் படிச்சவ இல்ல, ஆனா இதுல ஒரு விஷயம் சொல்லணும்னு கை துறுதுறுங்குது. எங்க ஊர் தூத்துக்குடி பக்கம் கடற்கரை, ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), எங்க ஊர்ல கோயில்னாலே சர்ச்சுதான். விவியன் லெட்டர் கதையைப் படிச்சதும் சிரிச்சுட்டேன், மாதாவுக்கு வணக்கம்தான் ஆராதனை ஆண்டவருக்கு மட்டும்தான்னு ஞானோபதேச வகுப்புல அடிச்சு அடிச்சு சொல்லிக்குடுத்தது அப்படியே இருக்கு.

பிரைட்டன் ராக் நான் படிச்சது முப்பது வயசுல, கல்யாணத்துக்கு அப்புறம். மத்தவங்க அதைக் கொலைக் கதையா படிக்கிறாங்க, எனக்கு வயித்தைக் கலக்கின இடம் கொலையே இல்ல, பிங்கியும் ரோஸும் ரெஜிஸ்டர் ஆபீஸ்ல போய் கல்யாணம் பண்ற இடம். வெளியிலேர்ந்து பாக்குறவங்களுக்கு சின்னஞ்சிறுசுக கையெழுத்து போடுதுக, அவ்ளோதான். ஓலை வாசிக்காம (கோயில்ல கல்யாண அறிவிப்பு), பூசை இல்லாம, சாமியார் இல்லாம கல்யாணம்னா அது சாவான பாவம்னு, அதாவது நரகத்துக்குக் கொண்டு போற பெரிய பாவம்னு அதுக ரெண்டுக்கும் தெரியும், தெரிஞ்சே போகுதுக, அந்தப் பயலுக்கு அதுல ஒரு பெருமை வேற. அற்ப பாவத்துக்கும் (சின்ன பாவம்) சாவான பாவத்துக்கும் என்ன வித்தியாசம்னு ஒன்பது வயசுல பாராம ஒப்பிச்சவளுக்கு அந்தப் பக்கத்தைப் படிக்கிறப்ப முதுகு சில்லிட்டுப் போச்சு.

அப்புறம் அந்தக் குதிரை வரி. குதிரையிலேர்ந்து விழறவன் அங்கவடிக்கும் (கால் வைக்கிற வளையம்) தரைக்கும் நடுவுல இருக்குற நேரத்துல இரக்கம் கேட்டான், கிடைச்சுதுன்னு ஒரு பழைய இங்கிலீஷ் பாட்டு, பிங்கி மனசுல அது வந்து வந்து போகும். எங்க ஆச்சி இதையேதான் சொல்லுவா, குதிரைக்குப் பதிலா வள்ளம். கடல்ல போறவனுக்கு அவஸ்தைபூசுதல் (சாகப்போறவங்களுக்கு எண்ணெய் பூசுற சடங்கு) குடுக்க சாமியார் எங்கேர்ந்து வருவார்? அதனால பாவத்துக்கு வருத்தப்பட்டு சொல்ற உத்தம மனஸ்தாப மந்திரம் ஆம்பளப் புள்ளைகளுக்கு நாலு வயசுலயே மனப்பாடம் பண்ணிக் குடுப்பா, தண்ணியில விழுந்து மூச்சு முட்டுற நேரத்துக்குள்ள அதைச் சொன்னா போதும்னு. ராத்திரி ஜெபத்துல கடைசியா சூசையப்பர்கிட்ட நன்மரணம் கேப்போம். சின்ன வயசுல எனக்கு இது ரொம்ப மலிவாத் தெரியும், எல்லா அக்கிரமமும் பண்ணிட்டு கடைசி செகண்ட்ல ஒரு வரி சொன்னா சரியாப்போச்சான்னு. பிங்கி வச்சிருந்த கணக்கும் அதேதான், கடைசியில பாத்துக்கலாம்னு. ஆனா அந்த நேரம் வர்றப்ப அவனுக்கு வருத்தப்படத் தெரியல, பழக்கமில்லாத தசை மாதிரி அது அசையவே மாட்டேங்குது. ஆச்சி சொன்னது எவ்ளோ கஷ்டமான காரியம்னு எனக்கு அந்தப் புத்தகத்துலதான் புரிஞ்சுது.

ஆனா ஒண்ணு, இது பிறந்து வளந்தவங்க எழுதின மாதிரி எனக்குத் தோணல. எங்களுக்கு இதெல்லாம் உப்புப் புளி மாதிரி, எடுத்துச் சொல்லத் தோணாது. அவர் 21 வயசுல மனப்பாடம் பண்ணிக் கத்துக்கிட்டதால ஒவ்வொண்ணையும் கையில எடுத்து பளபளன்னு துடைச்சு வைக்கிறார். கொஞ்சம் ஓவராவே துடைக்கிறார்.

மயில்காரன்:

உப்புக்காத்து அக்கா சொன்ன கடைசி பத்தி இருக்கே, அதுக்கு ஒரு எதிர்ப்பக்கம் சொல்றேன். ஃப்ளானரி ஓ'கானர். ஜார்ஜியாவுல பிறவிக் கத்தோலிக்கர், பண்ணை நிறைய மயில் வளத்தவர் (என் பேருக்கும் அதான் காரணம்). அயோவாவுல எழுத்துப் படிப்பு படிக்கிறப்ப 21 வயசுல ஜெபக் குறிப்பு நோட்டு ஒண்ணு வச்சிருந்தார், 2013லதான் அச்சுல வந்துச்சு. என்னை நல்ல எழுத்தாளராக்குன்னு கடவுள்கிட்ட நேருக்கு நேரா கேக்குறார், அதே மூச்சுல நான் கேக்குறது உன்னைக் கேக்குறேனா பேரைக் கேக்குறேனான்னு தன்னையே சந்தேகப்படுறார். தினம் பூசைக்குப் போற ஆள்.

இந்த ஆள் எழுதின முதல் நாவல் வைஸ் பிளட் (1952). நீங்க என்ன எதிர்பாப்பீங்க? அதுல கத்தோலிக்கக் கதாபாத்திரம்னு சொல்லிக்க யாரும் இல்ல. ஹேசல் மோட்ஸ்னு ராணுவத்துலேர்ந்து திரும்பின ஒருத்தன், தாத்தா ஊர் ஊராப் போய் பிரசங்கம் பண்ணின ஆளு, இவன் ஒரு ஓட்டை எஸ்ஸெக்ஸ் கார் வாங்கி அதும்மேல ஏறி நின்னு "கிறிஸ்து இல்லாத சபை"ன்னு ஒண்ணை அறிவிச்சு பிரசங்கம் பண்றான். குருடன் பாக்க மாட்டான், நொண்டி நடக்க மாட்டான், செத்தவன் செத்தவன்தான், அதான் எங்க சபைன்னு. படிக்கிறப்ப விழுந்து விழுந்து சிரிக்கலாம், அதே ஆள் கடைசில சுண்ணாம்பைக் கண்ணுல போட்டுக்குறான். நாத்திகர் எழுதின நாவல்னே அப்ப பல பேர் படிச்சாங்க. 1962ல மறுபதிப்பு வந்தப்ப அவரே ஒரு சின்ன முன்னுரை போட வேண்டியதாப் போச்சு. இயேசுவை உதறித் தள்ள அவன் பாடுபட்டதுதான் அவனோட நேர்மைன்னு வாசகர்கள் நினைக்கிறாங்க, எனக்கு அவனால உதற முடியாமப் போச்சே அதுதான் நேர்மைன்னு எழுதினார்.

ஆக பிறவியிலயே உள்ள இருந்தவருக்கு மதத்தை நேரடியா காட்டணும்னு அவசரமே இல்ல, மறுக்குறவனை வச்சே சொல்லிடறார். கிரீன் மாதிரி சாவான பாவம்னு ஒரு தடவை கூட பேரைச் சொல்ல வேண்டியிருக்கல.

முந்திரிக்கொட்டை:

சரி சரி, ரேவன் பிங்கி விஷயம் நல்ல பாயின்ட், அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. உடனே கெடா வெட்டிராதீங்க. ஒண்ணு மட்டும் ஒத்துக்க மாட்டேன், இந்த "கத்தோலிக்க நாவலாசிரியர்" லேபிள். அவரே கடைசி வரைக்கும் கத்திட்டு இருந்தார், நான் கத்தோலிக்க நாவல் எழுதறவன் இல்லப்பா, நாவல் எழுதறவன், கத்தோலிக்கனா இருக்கேன்னு. பிரைட்டன் ராக் வந்தப்புறம்தான் அந்த லேபிளே ஒட்டினாங்க. அதுக்கு முன்னாடி எழுதின ஏழு நாவலுக்கு அவர் என்ன மதம்னு கேட்டவன் எவனும் இல்ல.

வெத்தலப்பெட்டி:

பெரியவங்க பேசுறப்ப நடுவுல வர்றேன். வெள்ளக்காரனுக்கு முன்னாடி நம்மாளையும் ஒருக்கா பாருங்கப்பா. தமிழ்ல முதல் நாவல் பிரதாப முதலியார் சரித்திரம், 1879ல அச்சு. எழுதின மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர், மாயவரத்துல முன்சீஃப். ஆனா கதாநாயகன் முதலியார், கட்டிக்கிறது ஞானாம்பாள், குடும்பம் பூரா இந்துக் குடும்பம். கடவுள் வர்றார், நீதி வருது, உபதேசம் வண்டி வண்டியா வருது, குருசு மட்டும் வரல. இதே மனுஷன்தான் சர்வ சமய சமரசக் கீர்த்தனை எழுதினவர். அவருக்கு நம்பிக்கை கம்மின்னு யாரும் சொல்ல முடியாது. என்னைக் கேட்டா கோர்ட்டுல எல்லா மதத்துக்காரன் வழக்கையும் கேட்டுத் தீர்ப்பு சொன்ன ஆளு, எல்லாருக்கும் பொதுவான கடவுளை எடுத்துக்கிட்டாரு. அங்க கிரீனுக்கு பாவம்தான் கதை, நம்மாளுக்கு நீதிதான் கதை. ஞானாம்பாள் ஆம்பள வேஷம் போட்டு ராஜாவா உக்காந்து தீர்ப்பு சொல்ற பகுதியை மறுபடி எடுத்துப் பாருங்க, முன்சீஃப் மணம் கமகமங்கும்.

எட்டாம் நம்பர் பஸ்:

@வெத்தலப்பெட்டி ஐயா அருமை, இதுக்குத் தனி இழையே போடலாம். ஆனா வேதநாயகர் வாசகர்ல பெரும்பாலானவங்க வேற மதம், கிரீன் வாசகரும் பெரும்பாலும் கத்தோலிக்கர் இல்ல, ரெண்டு பேருக்கும் இருந்த பிரச்சினை ஒண்ணுதான். இவர் பொதுவா இருக்குறதைத் தேடினார், கிரீன் உங்களுக்குப் புரியாட்டியும் பயமாவது வரட்டும்னு விட்டுட்டார்.

பாதிபடிச்சவன்:

அய்யோ ஒரு கேள்வி கேட்டதுக்கு இவ்ளோ வரும்னு நினைக்கல, எல்லாருக்கும் நன்றி. முகப்பு வரியை நான் பாக்கவே இல்ல, நேரா முதல் அத்தியாயத்துக்குத் தாவிட்டேன், இப்பதான் போய்ப் பாத்தேன். ஞானஸ்நானத்துக்கு நாற்காலி தூசி தட்டிட்டிருந்த அம்மா சாட்சிங்கறது ஏனோ மனசுலயே நிக்குது.

உப்புக்காத்து அக்கா, உங்க ஆச்சி சொன்ன அந்த மந்திரம் எவ்ளோ நீளம்? மூச்சு முட்டறதுக்குள்ள சொல்லிட முடியுமா? கிண்டலா கேக்கல.

உப்புக்காத்து:

முழுசாச் சொன்னா முடியாதுப்பா. அதுக்கும் ஆச்சி ஒரு வழி வச்சிருந்தா, முதல் வார்த்தை "என் ஆண்டவரே"ன்னு சொன்னா போதும், மிச்சத்தை அவரு புரிஞ்சுக்குவாருன்னு. சாமியார்கிட்ட கேட்டு சொன்னாளா, தானா சொன்னாளான்னு தெரியாது.

முந்திரிக்கொட்டை:

@பாதிபடிச்சவன் அடுத்து எ கன் ஃபார் சேல் படிச்சுட்டு பிரைட்டன் ராக்கைத் திரும்ப எடு தம்பி. முதல் அம்பது பக்கத்தைத் தாண்டிப் போயிராத, அதைத் தூக்கணும்னு அவரே சொன்னாலும் எனக்கு அதான் பிடிக்கும்.